வெளியே தொங்கிய பூட்டு

கண்ணா,

இதை நீ படித்து முடிக்க எத்தனை நாளாகுமோ தெரியவில்லை. மீனா என்றால் அடுப்பில் தோசை வேகும் நேரத்தில் படித்துப் போட்டுவிடுவாள். நீ ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, பாதியில் மூடி வைத்து, மறுபடி எடுத்து, விட்ட இடம் தெரியாமல் முதலிலிருந்து ஆரம்பிப்பாய். தெரிந்துதான் தமிழில் எழுதுகிறேன். எனக்கு இந்தியில் காய்கறி வாங்க வரும், மராத்தியில் சண்டை போட வரும். மனசில் கிடப்பதைச் சொல்ல இது ஒன்றுதான் இருக்கிறது. உன்னோடு பிறந்தவளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லி நீ காலை ஆட்டிக்கொண்டு கேட்கிற வேலை வேண்டாம். நீயே படி. மெதுவாகவே படி.

போன ஞாயிற்றுக்கிழமை நான் உன்மேல் எரிந்து விழுந்ததைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். நீ என்ன செய்துவிட்டாய்? முதல் சம்பளத்தில் வீட்டுக்கு நல்ல பூட்டு ஒன்று வாங்கிக்கொண்டு, கையோடு தச்சரையும் கூட்டி வந்தாய். கதவில் பதிக்கிற மாதிரிப் பூட்டு, சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் என்று காட்டினாய். "மா, உனக்கு முட்டி வலி. இனிமே யார் தட்டினாலும் நீ எழுந்து வர வேணாம். ஒரு சாவி என்கிட்ட, ஒண்ணு மீனாகிட்ட, ஒண்ணு அப்பாகிட்ட. நாங்களே திறந்து வந்துக்கறோம். பகல்லயும் பூட்டியே வை. உன் நல்லதுக்குத்தானே மா." அவ்வளவுதான் நீ சொன்னது. நான் அந்தப் பெட்டியைப் பிடுங்கி வராந்தாவில் வீசினேன். பாவம், அந்தத் தச்சர் உளியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிய வேகத்தைப் பார்த்தாயா? உன் முகம் சுண்டிப் போனதை நான் பார்த்தேன். பார்த்தும் வாயை மூடவில்லை. "வாகட் போறவன் போ, போறப்ப என்னைப் பூட்டி வச்சிட்டு வேற போறியா"ன்னு கத்தினேன்.

அதற்கு நீ சொன்னதுதான் ஒரு வாரமாக எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. "ஆபீஸ் பக்கத்துல, வாகட்ல ரூம் எடுத்துப் போறேன்னு நான் சொன்ன நாள்லேருந்து பார்க்கறேன். அங்க தண்ணி வராதுங்கற, ரோடு சரியில்லைங்கற, ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்காதுங்கற. பூட்டு போடறது நானா மா? யாரு யாரைப் பூட்டி வச்சிருக்கா? மூச்சு முட்டுது எனக்கு." சாப்பிடாமல் கூட்டாளியின் அறைக்குப் போனவன் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. உனக்கென்று வைத்த சின்ன வெங்காய சாம்பாரை உன் அப்பா மூன்று வேளை சாப்பிட்டார். வாகட் என்ன வெளிநாடா, ரெண்டு பஸ் மாறினா போச்சு என்று என்னிடம் சொல்லிவிட்டு, அந்தப் பூட்டை எடுத்துத் துடைத்து பீரோ மேல் வைத்தார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் பேசவில்லை என்பதும் இதில் வரும்.

பகலில் நம் வீட்டுக் கதவு சாத்தி நீ பார்த்ததில்லை. சின்ன வயதில் உன் கூட்டாளிகள் "உங்க வீட்டுக் கதவு ரிப்பேரா?" என்று கேட்டார்கள் என்று அழுதிருக்கிறாய். நாய் வந்து உன் ஒற்றைச் செருப்பைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. திருடன் வருவான் என்று ஊரே சொல்லியிருக்கிறது. அம்மா இப்படித்தான், ஒரு மாதிரி என்று நீயும் மீனாவும் விட்டுவிட்டீர்கள். காரணம் இல்லாமல் யாரும் ஒரு மாதிரி ஆவதில்லை, கண்ணா.

நீங்கள் பிறந்தபோது நாங்கள் கட்கி பஜாரில் குடியிருந்தோம். பழைய கட்டடம், மரப்படி, இரண்டாவது மாடியில் ஓர் அறை, ஒரு சமையல் மூலை. இருந்த ஒரே ஜன்னலுக்கு இரும்புக் கம்பி. திறந்தால் அடுத்த கட்டடத்தின் முதுகுதான் தெரியும். சீமந்தம் முடிந்து, தலைப்பிரசவத்துக்கு மதுரைக்குப் போக டிக்கெட்கூட எடுத்து வைத்திருந்தோம். நீங்கள் இரண்டு பேரும் டிக்கெட்டுக்குக் காத்திருக்கிற ஆட்களா? குறை மாதத்தில் வந்து குதித்துவிட்டீர்கள். ஓடி வர என் அம்மா உயிரோடு இல்லை. உன் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, அவள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு நடுவே வந்து கொஞ்ச நாள் இருந்து, எனக்குப் பத்தியமும் உங்களுக்குக் குளிப்பாட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு ரயிலேறினாள். அவள் சொல்லிக்கொடுத்ததில் முக்கியமானது ஒன்று. "ரெட்டைப் பிள்ளைன்னா சைடு மாத்தாத. வலது அவனுக்கு, இடது அவளுக்கு. அப்பத்தான் யாரு குடிச்சா, யாரு குடிக்கலைன்னு உனக்குக் குழப்பம் வராது. ஒருத்தர் பங்கை ஒருத்தர் பிடுங்கவும் மாட்டாங்க." சொன்னபடியே செய்தேன். இரண்டே வாரத்தில் நீங்கள் அதைச் சட்டமாக்கிக்கொண்டீர்கள். வலது உன்னுடையது. இடது மீனாவுடையது.

ஆணும் பெண்ணுமாக இரட்டை என்றதும் பஜாரே படியேறி வந்தது. "ஜுளே ஜாலே! ஜுளே ஜாலே!", இரட்டை பிறந்தாச்சு என்று மராத்திக்காரப் பெண்கள் கூட்டமாக வந்து ஆளுக்கொன்றாகத் தூக்கிக் கொஞ்சினார்கள். நல்ல மனசோடுதான் வந்தார்கள். ஆனால் நீங்கள் எலிக்குஞ்சு போல இருந்தீர்கள். எடை ஏறும்வரை வெளியாள் கை படக்கூடாது, சளி பிடித்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். யாராவது கதவைத் தட்டினால் இரண்டு பேரும் சேர்ந்து வீல் என்று எழுந்துகொள்வீர்கள். வயிற்றில் தையல் போட்ட நான் எழுந்து போய்த் திறக்க வேண்டும். உன் அப்பா பார்த்தார். ஒரு நாள் காலையில் தொழிற்சாலைக்குக் கிளம்பும்போது கையில் ஒரு பூட்டை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. வெளிய பூட்டிட்டுப் போறேன். பூட்டு தொங்கினா ஆள் இல்லைன்னு யாரும் தட்ட மாட்டாங்க. நீயும் எந்திரிக்க வேணாம். மத்தியானம் வந்து திறக்கறேன். உன் நல்லதுக்குத்தான்."

நான் தலையாட்டினேன். அதை மறைக்க மாட்டேன். அப்போது எனக்குத் தூக்கம்தான் சாமி. இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கலாம் என்றால் சுவர் வைத்து அடைத்தால்கூடச் சரி என்றிருப்பேன்.

முதல் இரண்டு மூன்று நாள் தூங்கத்தான் செய்தேன். அப்புறம்தான் அந்தப் பூட்டு எனக்குள் இறங்க ஆரம்பித்தது. தொழிற்சாலைப் போங்கா, அதாவது சங்கு, ஊதும். உன் அப்பாவின் சைக்கிள் மணி தெருமுனையில் ஓயும். அதற்குப் பிறகு மத்தியானம்வரை அந்த அறை, ஆவணி மழையில் காயாத துணிகள், அவற்றைக் காய வைக்கிற கரியடுப்புப் புகை, நீங்கள் இரண்டு பேர், நான். உத்தரத்தில் இருந்தது ஒரே கொக்கி. அதில் ஒரு தூளிதான் கட்ட முடியும். ஒன்றைத் தூளியில் போட்டு ஆட்டினால் மற்றது மடியில் எழும். அதை அமர்த்தினால் இது எழும். வெளியே பழைய இரும்புக்காரன் கத்திக்கொண்டு போவான். யாரோ யாரையோ கூப்பிட்டுச் சிரிப்பார்கள். ரயில் போகும். எல்லாரும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்கள்.

இதில் பெரிய கொடுமை ஒன்று உண்டு. மரப்படியில் காலடி கேட்கும். வாசல்வரை வந்து நிற்கும். பூட்டைப் பார்த்து, "கோணி நாஹீ" என்று திரும்பிப் போகும். ஆளில்லை என்று பூட்டு சொல்கிறதே, உள்ளே குழந்தை அழுதால் என்ன நினைப்பார்கள்? பெண்டாட்டியைப் பூட்டி வைத்திருக்கிறான் என்று உன் அப்பாவைத்தானே பேசுவார்கள்? அதனால் காலடி கேட்டதும் ஓடி உங்கள் வாயில் முலையைத் திணிப்பேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். சொந்த வீட்டில் திருடி மாதிரி ஒளிந்திருந்தேன். அந்தக் காலடி இறங்கிப் போகப் போக, "போகாதே, திரும்பி வா" என்று உள்ளே கத்துவேன். வாய் திறக்காது.

உங்கள் மேல் கோபம் வந்தது. ஆமாம், கையளவு பிள்ளைகள் மேல்தான். இரண்டு பேரும் சேர்ந்து அழுகிற நேரத்தில், காதைப் பொத்திக்கொண்டு சமையல் மூலையில் முகம் புதைத்து உட்கார்ந்திருக்கிறேன். உன் அப்பாவிடம் சொல்லலாமே என்பாய். அந்த மனிதர் விடிவதற்குள் எழுந்து உங்கள் துணியெல்லாம் துவைத்து, எனக்குப் பூண்டு ரசம் வைத்து, வெந்நீர் போட்டு வைத்துவிட்டு வேலைக்கு ஓடுவார். சாப்பாட்டு நேரத்தில் மழையில் நனைந்து சைக்கிளில் வருவார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபம். கத்தியிருப்பேன். நல்லவர் போட்ட பூட்டை என்ன சொல்லித் திறப்பது?

அப்படி ஒரு நாள் மத்தியானம் வந்தார், சாப்பிட்டார், பூட்டிக்கொண்டு போனார். நீ மடியில் குடித்துக்கொண்டிருந்தாய். நான் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன் போல. விழித்தபோது உன் மூக்கில் பால். முகம் நீலம் பாரித்துக் கிடந்தது. கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினேன், தட்டினேன். ஒரு இருமல் வந்தது. மூச்சும் வந்தது. ஆனால் நீ அழவில்லை. துவண்டு போய்க் கையில் கிடந்தாய். நான் கதவுக்கு ஓடினேன். இழுத்தேன். அந்தப் பூட்டு மறுபக்கத்தில் டக் டக் என்று ஆடியது, அவ்வளவுதான்.

என் வாய் அப்போதுதான் திறந்தது. எந்த மொழியில் கத்தினேன் என்று தெரியாது. பக்கத்து வீட்டு சுமன் தாயி ஓடி வந்தாள். "காய் ஜாலே? காய் ஜாலே?", என்ன ஆச்சு என்று கதவைத் தட்டினாள். "பேபி, பேபி" என்று மட்டும்தான் எனக்குச் சொல்ல வந்தது. அவள் திரும்பி ஓடினாள். போய்விட்டாளே என்று நான் கதவில் தலையை முட்டினேன். மசாலா அரைக்கிற குழவிக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்! ஓங்கி ஓங்கிப் போட்டாள். தாழ்ப்பாளோடு பெயர்ந்து விழுந்தது பூட்டு. கதவு திறந்ததும் என்னைப் பார்த்து அவள் கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "வேடா ஆஹே கா துஜா நவரா?" உன் புருஷனுக்குப் பைத்தியமா? கேட்டுக்கொண்டே மீனாவைத் தூளியிலிருந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். என் கையில் கொஞ்சம் சில்லறையைத் திணித்து, டாக்டரிடம் ஓடு என்று படியைக் காட்டினாள்.

டாக்டர் உன் காலைச் சுண்டினார். நீ வீறிட்டாய். பால் புரையேறியிருக்கிறது, வேறொன்றுமில்லை, நிமிர்த்திப் பிடித்துப் பால் கொடு, நீயும் கொஞ்சம் தூங்கு என்றார். உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். மழை விட்டிருந்தது. தெருவெல்லாம் வெயில். நான் வெளியே நிற்கிறேன் என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு வலதுபக்கம் திரும்ப வேண்டும். இடதுபக்கம் திரும்பினேன். முக்கில் வண்டிக்காரன் வடா பாவ் போட்டுக்கொண்டிருந்தான். பிள்ளை பெற்றவளுக்கு உருளைக்கிழங்கு ஆகாது, வாயு, பச்சை மிளகாய் ஆகாது, எண்ணெய் ஆகாது. மூன்றும் சேர்ந்ததை நின்றுகொண்டே இரண்டு தின்றேன். அத்தை பார்த்திருந்தால் மயக்கம் போட்டு விழுந்திருப்பாள். மறுநாள் உங்கள் இரண்டு பேருக்கும் வயிறு உப்பிக்கொண்டதற்கு அந்த வடாதான் காரணம், இப்போது சொல்லிவிடுகிறேன். தின்றுவிட்டு நடந்தேன். ஸ்டேஷன் போகிற பஸ் வந்து நின்றது. ஏறிவிட்டேன்.

எங்கே போவதாக ஏறினாய் என்று கேட்காதே. மதுரை வண்டி எத்தனை மணிக்கு என்றுகூட எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரிந்தது. ஒரு பிள்ளை எவ்வளவு லேசு! ஒரு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உலகத்தில் எல்லாப் பெண்களும் நடக்கிறார்கள், பஸ் ஏறுகிறார்கள், ஊருக்குப் போகிறார்கள். உன் ஒருவனோடு நான் எங்கே வேண்டுமானாலும் போய்விடலாம் என்று தோன்றியது. ஜன்னல் காற்று முகத்தில் அடித்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, கண்ணா. இதற்கு மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. இருந்ததைச் சொல்கிறேன்.

வழியில் உனக்குப் பசித்தது. முந்தானையை மூடி வலதுபக்கம் கொடுத்தேன். குடித்தாய். கொஞ்ச நேரத்தில் இடதுபக்கம் கல்லாகக் கனத்து வலிக்க ஆரம்பித்தது. அது மீனாவின் நேரம். ரவிக்கை நனைந்தது. வலி தாங்காமல் உன்னை அந்தப் பக்கம் மாற்றினேன். நீ என்ன செய்தாய் தெரியுமா? முகத்தைத் திருப்பிக்கொண்டாய். மறுபடி வைத்தேன். தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினாய். பக்கத்து இருக்கையில் கூடை வைத்திருந்த ஒரு அம்மாள், பசி இல்லை போலிருக்கிறது, விடு என்றாள். எனக்குத் தெரிந்த இந்தியில், "யே சைட் இஸ்கி பஹன் கா ஹை" என்றேன். இந்தப் பக்கம் இவன் கூடப்பிறந்தவளுடையது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரட்டையா, இரட்டையா என்று கன்னத்தில் கை வைத்தாள். என் மடியைப் பார்த்தாள். காலடியில் பார்த்தாள். பின் இருக்கையில் பார்த்தாள்.

"தோ பஹன் கஹாங் ஹை?"

அப்படியானால் அவள் எங்கே?

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எதிர்ப்பக்கம் ஓடினேன். திரும்பி வருகிற பஸ் ஆமையாக ஊர்ந்தது. வழியெல்லாம் என் புடவை நனைந்துகொண்டே வந்தது. நான் அழுதுகொண்டே வந்தேன்.

உன் அப்பா மேல்படியில் உட்கார்ந்திருந்தார். ஷிப்ட் முடிந்து வந்தவர், உடைந்த பூட்டையும் திறந்த கதவையும் வெறும் தூளியையும் பார்த்திருக்கிறார். சுமன் தாயி சொல்லி டாக்டரிடம் ஓடியிருக்கிறார். எப்போதோ போய்விட்டாளே என்றதும் கட்கி முழுக்கச் சைக்கிளில் சுற்றியிருக்கிறார். கடைசியில் மீனாவை மடியில் வைத்து, ஸ்பூனில் சர்க்கரைத் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருந்தார். அவள் அதைத் துப்பித் துப்பி அழுதுகொண்டிருந்தாள். அவர் நான் எங்கே போனேன் என்று கேட்கவில்லை. இன்றுவரை கேட்டதில்லை. "உன் நல்லதுக்குத்தாம்மா பூட்டினேன்" என்றார். அவ்வளவு பெரிய மனுஷன் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

நான் உன்னை அவர் கையில் கொடுத்துவிட்டு மீனாவை வாங்கி இடதுபக்கம் போட்டேன். அவள் குடிக்கத் தொடங்கிய பிறகுதான் பேசினேன். "இன்னொரு தடவை வெளிய பூட்டு தொங்கிச்சுன்னா, உள்ள ஆள் இருக்காது."

மறுநாள் அவர் திருப்புளி எடுத்துக் கதவின் வெளிப்பக்கம் இருந்த மிச்சத் தாழ்ப்பாளையும் கழற்றினார். ஆணி இருந்த ஓட்டைகளில் மாவு பிசைந்து அடைத்தார். நானும் கதவைத் திறந்து போட்டேன். சுமன் தாயி தினமும் மத்தியானம் வந்து உங்களில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போவாள். பஜார் பெண்களும் வந்தார்கள், கை கழுவிவிட்டுத் தூக்கினார்கள். நீங்கள் ஒன்றும் செத்துப்போய்விடவில்லை.

இப்போது புரிகிறதா ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று? நீ அந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோது உன் அப்பா நின்ற மாதிரியே நின்றாய். அதே அக்கறை. யார் தட்டினாலும் எழுந்து வராதே என்றாய். உன் நல்லதுக்குத்தானே என்றாய். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நான் கத்தியது உன்னைப் பார்த்து இல்லை. ஆனால் கேட்டது நீதானே, அது தப்புதான்.

இந்தக் கதையில் பஸ் ஏறிய பகுதியை மீனாவிடம் போன வருஷமே சொன்னேன். கோபப்படுவாள் என்று பயந்தேன். "அப்ப உன்னைத் திரும்பக் கூட்டிட்டு வந்தது நான்தான். அந்தத் தடியன் என் பங்கைத் தொடாம இருந்தானே, அதுக்கு வேணா ஒரு தேங்க்ஸ் சொல்லிடு"ன்னு சிரித்தாள். சொல்லிவிட்டேன், வைத்துக்கொள்.

யாரு யாரைப் பூட்டி வச்சிருக்கா என்று கேட்டாயே, அதற்கு ஒரு வாரமாகப் பதில் தேடினேன். கதவைத் திறந்து வைத்தால் போதும், பூட்டவில்லை என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். திறந்த வாசலில் குறுக்கே நானே நின்றால் அதுவும் பூட்டுதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீ பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவுக்குப் போக ஆசைப்பட்டபோது காய்ச்சல் வரும் என்றேன். காலேஜில் ஹாஸ்டல் கேட்டபோது அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். இப்போது வாகட்டில் தண்ணீர் வராது என்கிறேன். எல்லாம் உன் நல்லதுக்குத்தான். மூச்சு முட்டுகிறது என்றாயே, அந்த மூச்சு எனக்குத் தெரியும். அந்தக் கதவை உள்ளேயிருந்து இழுத்துப் பார்த்தவள் நான். உனக்கு அதை நான் செய்யலாமா?

ஹிஞ்சேவாடியில் நீ வேலை பார்க்கிற கட்டடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வேளைக்குச் சாப்பிடு. உன் கூட்டாளிகளோடு சேர்ந்து துணியை மலையாகக் குவித்து வைக்காதே. நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வந்து, பிள்ளைகளும் வந்தால், ஒன்றோ இரண்டோ, அவள் நல்லதுக்கு நீ ஒன்று செய்வதற்கு முன்னால் அவளைக் கேள். தூங்கி எழுந்த பிறகு கேள். தூக்கக் கலக்கத்தில் ஆட்டிய தலையைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தத் தச்சரைக் கூட்டிக்கொண்டு வா. வசை பாட மாட்டேன் என்று சொல்லு, டீயும் கொடுப்பேன். பூட்டைப் போடட்டும். சாவியை முதலில் என்னிடம் கொடு, உங்களுக்கு நான் தருகிறேன். சாம்பார் வைக்கிறேன், சாப்பிட்டுவிட்டுப் போ. உன் துணிப்பெட்டியை எடுத்துக்கொண்டு வாகட்டுக்குப் படியிறங்கும்போது திரும்பிப் பார்த்து, அம்மா வாசலிலேயே நிற்கிறாளே என்று தயங்காதே.

நீ போ, கண்ணா. கதவை நான் சாத்திக்கொள்கிறேன்.

அம்மா